கொரங்காட்டு மேய்ச்சல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காங்கேயம் பக்கம், மாடு வைத்திருப்பவர்:

கொழுக்கட்டைப்புல் சத்தான புல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த வயசுக் கொழுக்கட்டைப்புல் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். எங்கள் கொரங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி போட்டு நான்காகப் பிரித்தது. ஒரு துண்டில் மாடு மேயும்போது மற்ற மூன்றும் அடைத்துக் கிடக்கும். ஒரு வருசம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கடைசித் துண்டுக்கு மாடு போவதற்குள் புல் முழங்கால் உயரம் வந்து கதிர் வாங்கிவிட்டது. பார்க்கப் பச்சைப் பசேலென்று இருந்தது, ஆனால் மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை அப்படியே நிறுத்தி வைத்தது. அந்தத் துண்டுக்கு மாற்றிய முதல் வாரத்திலேயே பாலும் குறைந்தது.

எங்கள் அப்பாரு புல்லைப் பார்க்கவே மாட்டார். "சாணியப் பாரு சாமி" என்பார். இளம்புல் தின்ற மாட்டின் சாணி தளர்ந்து பரவி விழும். முற்றின புல் என்றால் வட்டு வட்டாக, அடுக்கடுக்காக நிற்கும். குச்சியால் கிளறினால் நார் அப்படியே தெரியும். கதிர் வந்ததும் தண்டில் நார் ஏறி, புரதம் இறங்கிவிடுகிறது. தீவனத்தின் உலர் எடையில் புரதம் சுமார் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கே தீனி பத்தாது. செரிமானம் மந்தமாகி, மாடு தின்னும் அளவும் குறைந்துவிடும். புல் நிறைய இருந்தும் மாடு இளைப்பது இதனால்தான்.

அதற்காக ஒட்ட மேய்க்கவும் கூடாது. அடித்தூரில் நாலு விரல் கட்டையாவது நிற்க வேண்டும், மறுதழைவு அங்கிருந்துதான் கிளம்பும். வேலி பிரிக்காத புறம்போக்கைப் போய்ப் பாருங்கள். தளிர் தலைகாட்டியதும் மாடு திரும்பத் திரும்ப அதையே கடித்துக் கொழுக்கட்டைப்புல்லின் தூரே செத்துப்போகும். அந்த இடத்தை ஊசிப்புல் பிடித்துக்கொள்ளும். அது இளசாக இருக்கிற கொஞ்ச நாளுக்கு மட்டும்தான் தீவனம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு: மழைக்காலத்தில் மூன்று நாலு வாரத்தில் துண்டு திரும்பத் தயாராகும். தை பிறந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது, புல் வளர்ந்தால்தானே!

கரூர் பக்கம், மேச்சேரி ஆடு வளர்ப்பவர்:

அண்ணா சொல்வது மாட்டுக்குச் சரி. ஆட்டுக்காரனுக்கு இளம்புல்லே வினையாகும். கோடை முழுக்கக் காய்ந்த சருகு தின்ற செம்மறியை, முதல் மழை பெய்து தளிர் வந்ததும் காலையில் வெறும் வயிற்றோடு திறந்துவிட்டால் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய் அடிக்கும். முந்தின நாள் துள்ளிக் குதித்த குட்டி விடிந்தால் விறைத்துக் கிடக்கும். நல்லா கொழுத்த குட்டியாகப் பார்த்துத்தான் போகும், அதுதான் வயிற்றெரிச்சல். நாங்கள் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுகிறோம். முதல் வாரம் பட்டியில் கொஞ்சம் சோளத்தட்டு போட்டு வயிற்றை நிரப்பி, வெயில் ஏறின பிறகுதான் படலைத் திறப்போம்.

தாராபுரம் பக்கம்:

எங்களிடம் மாடும் உண்டு, ஆடும் உண்டு. இரண்டையும் ஒன்றாக விடுவதா, தனித்தனியாக விடுவதா?

காங்கேயம் பக்கம், மாடு வைத்திருப்பவர்:

முதலில் மாடு, பின்னால் ஆடுங்க. மாடு நாக்கால் சுற்றி இழுத்துத் தின்பதால் தரை ஒட்டிய புல்லை எடுக்க முடியாது. ஆடு உதட்டாலும் பல்லாலும் அடிவரை கடித்துவிடும். ஆட்டை முதலில் விட்டால் இலை முழுக்க அது பொறுக்கித் தின்றுவிடும், மாட்டுக்குத் தண்டுதான் மிஞ்சும். மாட்டுக்குப் பின்னால் விடும்போதும் ஆட்டை அதிக நாள் நிறுத்தாதீர்கள், தூர் போய்விடும்.

பங்குனி, சித்திரையில் புல் வெறும் நாராகிவிடும், அப்போது எப்படி மேய்த்தாலும் அதில் புரதம் வராது. வெள்வேல மரத்தை வெட்டாமல் விட்டிருந்தால் அந்த நேரம் காய் உதிரும். காயில் புரதம் உண்டு. உலுக்கிவிட்டால் ஆடு நீங்கள் கூப்பிடாமலேயே ஓடி வரும்.