படத்தோட ப்ளஸ் மைனஸ் எப்படி எடை போடுறீங்க? மெய்யழகன், மகாராஜா, கொட்டுக்காளி, வாழை பார்த்துட்டு வந்த குழப்பம்

கடைசிவரிசை:

வேலை மாறுற இடைவெளில ஒரு மாசம் ஃப்ரீயா கிடைச்சுது, 2024, 2025ல வந்து நான் பார்க்காம விட்ட படங்கள வரிசையா உட்கார்ந்து பார்த்துட்டேன். மெய்யழகன், மகாராஜா, லப்பர் பந்து, வாழை, கொட்டுக்காளி, கடைசியா டூரிஸ்ட் ஃபேமிலி. ஒவ்வொன்னு முடிஞ்சதும் நோட்ல ஒரு பக்கம் நல்லா இருந்தது, இன்னொரு பக்கம் உறுத்துனதுன்னு எழுதி வெச்சேன். இப்ப அத திரும்ப படிச்சா கணக்கு எனக்கே உதைக்குது, அதான் கேக்குறேன். ஸ்பாய்லர் இருக்கு, பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

மெய்யழகனுக்கு மைனஸ் பக்கம் எட்டு வரி இருக்கு. கதைன்னு பெருசா ஒன்னும் நகரல, ராத்திரி பேச்சு ரொம்ப நீளம், கார்த்தி மூச்சு விடாம பேசிட்டே இருக்காரு, இவ்ளோ வெள்ளந்தியா ஒரு மனுஷன் இருப்பானான்னு நடுவுல ஒரு சந்தேகம், இப்படியே போகுது. ப்ளஸ் பக்கம் மூணே வரி. ஆனா படம் பார்த்து மூணு வாரம் ஆச்சு, தன்னை "அத்தான் அத்தான்"னு கொண்டாடுறவனோட பேரு ஞாபகம் வராம அரவிந்த்சாமி உள்ளுக்குள்ள புழுங்குறாரே, அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. யாராவது என்ன படம் பார்க்கலாம்னு கேட்டா வாய்ல முதல்ல வர்றது இந்த படம்தான்.

மகாராஜா அப்படியே தலைகீழ். ப்ளஸ் பக்கம் இடம் பத்தல. எந்த சீன் எந்த வருஷத்துல நடக்குதுன்னே தெரியாத மாதிரி ரெண்டு காலத்தையும் பின்னி வெச்சிருக்காங்க, விஜய் சேதுபதி குரலே உயர்த்தாம முழு படத்தையும் தூக்கி நிறுத்துறாரு, காணாம போன லட்சுமி ஒரு குப்பைத்தொட்டின்னு கேட்டு போலீஸ் ஸ்டேஷனோட சேர்ந்து நாமளும் சிரிச்சுட்டு அப்புறம் அப்படி சிரிச்சதுக்கு வருத்தப்படுறோம். மைனஸ் ஒரே ஒரு வரிதான், விஜய் சேதுபதியோட பொண்ணுக்கு நடந்த கொடுமைய ஒளிச்சு வெச்சு கடைசில ட்விஸ்ட்டா திறந்து காட்டுனது. ஆனா அந்த ஒரு வரி மத்த எல்லா வரியையும் அமுக்கிருச்சு. இன்னொரு தடவை பார்க்க மனசு வரல.

எண்ணிக்கைல பார்த்தா மகாராஜாதான் எனக்கு பிடிச்சிருக்கணும், ஆனா மனசு மெய்யழகன் பக்கம் போகுது. நீங்கல்லாம் எந்த குறைய மன்னிப்பீங்க, எதை மன்னிக்கவே மாட்டீங்க? ஏன்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும், சும்மா மார்க் மட்டும் போடாதீங்க ப்ளீஸ்.

மேட்டினி_அக்கா:

தம்பி, மெய்யழகன நான் ரெண்டு தடவை பார்த்தேன், அதுவும் ரெண்டு வேற வேற படமா பார்த்தேன்னு சொல்லலாம். ரிலீஸ் ஆனப்போ 177 நிமிஷம், 2024 செப்டம்பர் 27. நீளம் நீளம்னு எல்லாரும் சொன்னதுல சில நாள்லயே 18 நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. முதல் நாள் முழுசா பார்த்தேன், அடுத்த வாரம் அம்மாவ கூட்டிட்டு போனப்போ வெட்டுன படம். ராத்திரி பேச்சுல ஜல்லிக்கட்டு, வரலாறுன்னு கார்த்தி போற இடங்கள்தான் பெரும்பாலும் காணோம்.

வெட்டுன படம் வேகமா போச்சு, அது உண்மை. அம்மாவுக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு. ஆனா எனக்கு ஏதோ ஒன்னு குறைஞ்ச மாதிரியே இருந்துச்சு, வீட்டுக்கு வந்து யோசிச்சப்புறம்தான் புரிஞ்சுது. அந்த ராத்திரி அரவிந்த்சாமிக்கும் நீளமா இருக்கணும்ல? அவரு கல்யாணத்துல முகத்த காட்டிட்டு அன்னைக்கே கிளம்பிரலாம்னு வந்தவரு. கடைசி பஸ்ஸ விட்டுட்டு மாட்டிக்கிறாரு. இவன் எப்ப பேச்ச நிறுத்துவான்னு அவரு நினைக்கிற அதே நேரத்துல நாமளும் நினைக்கிறோம், அப்புறம் எந்த இடத்துல அந்த எரிச்சல் போய் அவன் பேசிட்டே இருந்தா நல்லா இருக்கும்னு தோண ஆரம்பிச்சுதுன்னே தெரியல. அந்த மாற்றத்துக்கு நேரம் வேணும். 18 நிமிஷத்துல கொஞ்சம் அதுவும் சேர்ந்து போயிருச்சு.

எனக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. ஒரு குறைய மனசுக்குள்ளயே எடுத்துட்டு பார்ப்பேன், அது கூடவே நல்லதும் உருவிக்கிட்டு வருதான்னு. வந்துச்சுன்னா அத குறைன்னு எழுத மாட்டேன்.

நேர்பேச்சு:

அக்கா சொல்றது கேக்க அழகா இருக்கு, ஆனா எனக்கு ஒத்துக்க முடியல. எந்த லேக் படத்துக்கும் இதே விளக்கத்த சொல்லிட்டு போயிரலாமே, ஹீரோவுக்கு போர் அடிக்குது அதனால நமக்கும் போர் அடிக்கணும்னு. டிக்கெட் வாங்கிட்டு உள்ள போறவன் பொறுமைய டைரக்டர் மதிக்கணும்.

லப்பர் பந்து பாருங்க. மாமனார் மருமகன் ஈகோ, அப்பா மேல பொண்ணுக்கு இருக்குற பாசம், புருஷன் இந்த வயசுலயும் மட்டையோட சுத்துறானேன்னு பொண்டாட்டிக்கு வர்ற கோவம், டீம்ல யார சேர்க்கணும் யார சேர்க்கக்கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஓடுற சாதி, இவ்வளவும் ஒரே படத்துல இருக்கு. ஒரு இடத்துல கூட உட்கார வெச்சு வகுப்பு எடுக்கல. சுவாசிகா ட்ராக்டர ஓட்டிட்டு வந்து பிட்சையே உழுதுட்டு போகுமே, அந்த ஒரு சீன் போதும் அந்த வீட்டுல பத்து பதினைஞ்சு வருஷமா என்ன நடந்திருக்கும்னு தெரிஞ்சுக்க. வில்லன்னு தனியா ஒருத்தனும் கிடையாது, அவனவன் வீம்புதான் வில்லன். அட்டகத்தி தினேஷ் இறங்கி வர்றப்போ பொன்மனச் செல்வன் படத்து "நீ பொட்டு வச்ச" பாட்டு விடுறாங்கல்ல, விஜயகாந்த் போய் ஒரு வருஷம் கூட ஆகாத நேரம் அது, தியேட்டர்ல பாதி பேரு கண்ண துடைச்சுட்டு இருந்தாங்க. அது டைரக்டர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம் வேற. முதல் படத்துலயே இவ்ளோ சிக்கனமா சொல்ல முடியுதுன்னா மத்தவங்களால ஏன் முடியாது?

அதுலயும் மைனஸ் இருக்கு, செகண்ட் ஹாஃப்ல மேட்ச் கொஞ்சம் ஜாஸ்தி, காதல் ஜோடி சீன் எல்லாம் வழக்கமானதுதான். ஆனா அது எதுவும் என்னை சீட்டுல நெளிய வைக்கல.

ஒலிக்காதன்:

எனக்கு சத்தம்தான் முதல்ல காதுல விழும் அதனால அந்த வழியா சொல்றேன். வாழையும் கொட்டுக்காளியும் ஒரே நாள்ல வந்துச்சு, 2024 ஆகஸ்ட் 23. ரெண்டையும் அடுத்தடுத்து பார்த்தா எது பலம் எது பலவீனம்னு நாம வெச்சிருக்குற அளவுகோலே ஆடி போயிரும்.

கொட்டுக்காளி, அன்னா பென்னுக்கு பேய் பிடிச்சிருக்குன்னு சூரி குடும்பம் ஆட்டோவுல பூசாரிகிட்ட கூட்டிட்டு போற கதை. அதுல பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், காத்து, தூரத்துல ஒரு லவுட் ஸ்பீக்கர், அவ்வளவுதான். அந்த ஸ்பீக்கர்ல ஓடுற பாட்ட அன்னா பென் லேசா முணுமுணுக்குறாங்க. அதுக்கு சூரி ஆட்டோவுல இருக்குற எல்லாரையும் போட்டு அடிக்கிற அந்த ஒரே ஷாட்ல ஒரு வயலின் வந்திருந்தா கூட நாம தப்பிச்சிருப்போம், இது சினிமான்னு ஆறுதல் கிடைச்சிருக்கும். இசை இல்லாததால ஒளிய இடமே இல்லாம போச்சு. அதே சமயம் அதுவேதான் நிறைய பேரு பாதில எழுந்து போனதுக்கும் காரணம், நான் பார்த்த ஷோல கண்ணால பார்த்தேன். முடிவையும் டைரக்டர் வினோத்ராஜ் நம்மகிட்ட விட்டுட்டு போயிடறாரு. பூசாரி இன்னொரு பொண்ணுகிட்ட நடந்துக்குற விதத்த சூரி நின்னு பார்க்குறாரு, அப்புறம் என்ன முடிவெடுத்தார்னு படம் சொல்லல. அவரோட முந்தைய படம் கூழாங்கல் 2021ல ராட்டர்டாம் விழால டைகர் விருது வாங்குனப்பவே அவரு பாணி தெரிஞ்சதுதான், ஆனா சூரி பேர பார்த்து வந்தவங்களுக்கு அது தெரியாதுல்ல.

வாழை இதுக்கு நேர் எதிர். சந்தோஷ் நாராயணன் இசை கைய பிடிச்சு கூட்டிட்டு போகுது, கடைசில அழ வைக்காம விடாது. டீச்சர் மேல அந்த பையனுக்கு வர்ற பாசம், ரஜினி கமல் சண்டை எல்லாம் கொஞ்சம் நீட்டிட்டாங்கன்னு முதல்ல நானும் நினைச்சேன். அப்புறம் அந்த பையன் பசியோட ஓடி வந்து சட்டில இருக்குற சோத்த அள்ளி வாய்ல வைக்கப் போற இடம், வெளிய அக்கா உட்பட அத்தனை பேரு பொணமா கிடக்குறாங்க. மாரி செல்வராஜ் அவரு சின்ன வயசுல பார்த்தத எடுத்திருக்காரு. அதுக்கு மேல "பாதவத்தி" பாட்டு ஒப்பாரியா வருது. இசை அதிகம்னு அங்க எப்படி சொல்றது? இழவு வீட்டுல ஒப்பாரி சத்தம் அதிகமா இருக்குன்னு யாராவது சொல்வாங்களா.

மழைக்காலம்:

மகாராஜா பத்தி கடைசிவரிசை சொன்னத அப்படியே ஏத்துக்குறேன், ஆனா அக்காவோட கணக்க இதுல போட்டு பார்த்தா எனக்கு வேற விடை வருது. அந்த கொடுமைய எடுத்துட்டா மகாராஜாவே இல்ல. அவரு பழிவாங்குறது, கடைசில வில்லன் அனுராக் காஷ்யப்புக்கு அது யாரு பொண்ணுன்னு தெரியுறது, எல்லாம் அது மேலதான் நிக்குது. அப்போ அக்கா கணக்குப்படி அது குறையே இல்லன்னு ஆயிருமே? என்னால அப்படி விட முடியல.

எனக்கு பிரச்சனை அந்த சம்பவம் கதைல இருக்குறது இல்ல, அத புதிர் மாதிரி வெச்சிருக்குறது. யாரோ என்னமோ செஞ்சிருக்காங்க, கண்டுபிடிங்கன்னு ரெண்டு மணி நேரம் சுவாரசியமா ஓட்டிட்டு, துண்டுகள் எல்லாம் சேர்ந்ததும் வர்ற அந்த "அட!" சந்தோஷம் இருக்குல்ல, அது வர்ற இடத்துல ஒரு பள்ளிக்கூட பொண்ணோட வலி இருக்கு. ரசிக்கவும் முடியல, ரசிக்காம இருக்கவும் முடியல. ஒன்னு மட்டும் நியாயமா சொல்லணும், அந்த பொண்ணு தனக்கு நடந்ததுக்கு காரணமானவன் முகத்துக்கு நேரா நிமிர்ந்து நின்னு பேசுற இடத்த வெச்சிருக்காங்க. மூலையில உட்கார்ந்து அழற பொண்ணா மட்டும் அவள விடல. அதனாலதான் படத்த முழுசா தள்ளவும் முடியல.

டூரிஸ்ட் ஃபேமிலிய பத்தி யாரும் பேசல. இலங்கைல இருந்து தப்பிச்சு வந்த குடும்பம், ஆனா அவங்க வர்ற தெருவுல எல்லாரும் சீக்கிரமே நல்லவங்களா மாறிடறாங்க, நிஜத்துல இவ்ளோ லேசா இருக்காது. 2025 மே மாசம் தியேட்டர்ல பார்த்தப்போ நானும் சிரிச்சு அழுதுட்டுதான் வந்தேன், மறுநாள்தான் உறுத்துச்சு. அகதியா வந்தவங்க எவ்வளவு வருஷம் கேம்ப்ல இருந்திருக்காங்கன்னு தெரிஞ்சவங்க எப்படி பார்த்திருப்பாங்கன்னு.

மேட்டினி_அக்கா:

மழைக்காலம், நீ பிடிச்ச இடம் சரி. என் கணக்கு நீளம், வேகம், இசை மாதிரி விஷயத்துக்குதான் செல்லும், ஒருத்தரோட வலிய எப்படி வெச்சிருக்காங்கங்கறதுக்கு அது பத்தாது. அத நான் யோசிக்கல.

நேர்பேச்சு, லப்பர் பந்து எனக்கும் உயிர். ஆனா அந்த சிக்கனத்துல கொட்டுக்காளி எடுக்க முடியாதுப்பா.

நேர்பேச்சு:

எடுக்க முடியாதுதான், அத ஒத்துக்குறேன். கொட்டுக்காளி நான் அரை மணி நேரத்துல நிறுத்திட்டேன், வீட்டுல போன்ல பார்த்தேன், சுத்தி சத்தம் வேற. ஒலிக்காதன் சொன்ன அந்த ஆட்டோ ஷாட் வரைக்கும் நான் போகவே இல்ல. முழுசா பார்க்காம அத பத்தி பேச எனக்கு உரிமை இல்ல, பார்த்துட்டு வரேன். மெய்யழகன் விஷயத்துல மட்டும் மாற மாட்டேன்.

கடைசிவரிசை:

எல்லாருக்கும் நன்றிங்க, நோட்ட எடுத்து வெச்சு ஒவ்வொருத்தர் சொன்னதையும் படிச்சேன். மெய்யழகன்ல எட்டு வரில அஞ்ச அடிச்சுட்டேன். கார்த்தி இவ்ளோ நல்லவனா இருக்கானேங்கற வரிய அடிக்கல. அது இன்னும் உறுத்துது, ஆனா அரவிந்த்சாமியும் விடியறதுக்குள்ள அத தாங்க முடியாமதானே சொல்லாம கொள்ளாம கிளம்பி போறாரு, அந்த கோணத்துல நான் பார்த்ததே இல்ல.

மகாராஜா வரி அப்படியே இருக்கட்டும். மழைக்காலம் சொன்னதுக்கு அப்புறம் பக்கத்துல "அந்த பொண்ணு நிமிர்ந்து பேசுன இடம்"னு ப்ளஸ் பக்கம் சேர்த்திருக்கேன், அத எப்படி மறந்தேன்னு தெரியல. ஒலிக்காதன், கொட்டுக்காளிக்கு நான் மைனஸ்ல முதல் வரியா எழுதுனதே "பிஜிஎம் இல்ல"ன்னுதான். நானும் பாதி சவுண்ட்லதான் பார்த்திருக்கேன். இன்னைக்கு ராத்திரி எல்லாரும் தூங்குனதும் ஹெட்ஃபோன் போட்டு முதல்ல இருந்து பார்க்கப் போறேன்.

ஒலிக்காதன்:

பாருங்க. ஆரம்பத்துலயே சூரி தொண்டைல சுண்ணாம்பு தடவியிருப்பாரு, குரல் கட்டிப் போயிருக்கும். படம் முழுக்க அந்த கட்டுன குரல மட்டும் கவனிச்சுட்டே வாங்க, எங்க அது உடையுதுன்னு நாளைக்கு எழுதுங்க.