தண்ணி லாரி நம்பரையும் பிளாக் பண்ணிட்டீங்களா?

(விளாங்குடி, மதுரை. குறுக்குத் தெரு குடியிருப்போர் குழு)

9 ஏப்ரல் 2024, செவ்வாய்

செல்வி அக்கா (காலை 11:42): தண்ணி லாரி முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. டிரைவர் நாலு பேருக்கு மாத்தி மாத்தி அடிச்சாராம், ஒருத்தரும் எடுக்கலையாம். பாண்டி, நீதான நம்பர் குடுத்த?

பாண்டி மொபைல்ஸ்: குடுத்தேன்க்கா. ஆனா தெரியாத நம்பர் வந்தா சத்தம் வராத மாதிரி போன்ல செட் பண்ணி வச்சிருந்தேன் 🙏 காலையில இருந்து ஒம்போது கால். அம்புட்டும் ஓட்டுக் கேட்டு.

செல்வி அக்கா: சரி நீ விடு. மத்த மூணு பேரு?

தினேஷ்: எனக்கும் வந்துச்சுக்கா. ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். இதுவும் வேட்பாளர் பேசுற ரெக்கார்டிங்தான்னு கட் பண்ணி பிளாக்கும் பண்ணிட்டேன்.

செல்வி அக்கா: லாரிக்காரரையா பிளாக் பண்ண???

தினேஷ்: எடுத்துட்டேன்க்கா, இப்பதான் எடுத்தேன்

ரஹீமா அக்கா: அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது செல்வி. நேத்து நோன்பு தொறக்குற நேரம். பேரிச்சம்பழம் கையில இருக்கு, போன் அடிக்குது. துபாய்ல இருந்து மகன்னு நெனச்சு ஓடுனேன். "பாசத்திற்குரிய வாக்காளப் பெருமக்களே"ன்னு ஆரம்பிச்சுருச்சு. ஓடுன ஓட்டத்துல கஞ்சிக் கிண்ணத்தத் தட்டி விட்டதுதான் மிச்சம்.

கார்த்தி (6ஆம் நம்பர் வீடு): எங்க பாட்டிய என்னன்னு சொல்ல? அது ரெக்கார்டிங்குன்னே அதுக்குத் தெரியல. "நலமா இருக்கீங்களா"ன்னு போன்ல குரல் கேட்டதும், "இருக்கேன் தம்பி, முட்டிதான் மடக்க முடியல. பதினஞ்சு நாளா சாக்கடை அடைச்சுக் கிடக்கு, ஒரு ஆள அனுப்பி விடுய்யா"ன்னு சொல்லிருச்சு. முடிஞ்சு கட் ஆகவும் "முழுசாக் கேட்டுக்கிட்டான், குறுக்கப் பேசல. நல்ல புள்ள"ங்குது 😂

பாண்டி மொபைல்ஸ்: பாட்டி ஓட்டு விழுந்துருச்சு போங்க

கணேசன் சார்: எல்லாரும் டிஎன்டி போடுங்கள், வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் பதிவு அது. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, இடம் விட்டு 0 போட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும்.

பாண்டி மொபைல்ஸ்: சார், நான் ரெண்டு வருசமா அதுலதான் இருக்கேன். பிளாட் விக்கிறவரு நின்னுட்டாரு, கட்சிக்காரவுக நிக்கல. அதுல தடுக்குற வகை லிஸ்ட்டப் பாருங்க: வங்கி, வீட்டுமனை, படிப்பு, உடல்நலம், சுற்றுலான்னு போகும். அரசியல்னு ஒரு வகையே கிடையாது. அது யாவாரக் காலுக்குப் போட்டது சார்.

தினேஷ்: அப்ப இவங்கள யாருமே கேக்க முடியாதா?

கணேசன் சார்: முடியும். நான் ஆறு தேர்தலில் பூத் அதிகாரியாக இருந்தவன். மொத்தமாக அனுப்பும் குரல் பதிவுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். அதற்கென்றே மாவட்டத்தில் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு இருக்கிறது. செலவும் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும். மக்களவைக்கு நம் மாநிலத்தில் வரம்பு 95 லட்சம். சந்தேகம் இருந்தால் நம்பர், நேரம் குறித்து தேர்தல் உதவி எண் 1950க்குப் பேசுங்கள்.

கார்த்தி: தேர்தல் ஆணையத்தோட புகார் ஆப் சி-விஜில்ல போடலாமா சார்? 100 நிமிசத்துல நடவடிக்கைன்னு போட்டுருந்தாங்க

கணேசன் சார்: அது ஸ்பாட்டில் நடப்பதற்கு, தம்பி. பணம், சேலை, குக்கர் கொடுப்பதைப் பார்த்தால் அங்கேயே நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். கேலரியில் இருக்கும் பழைய படம் ஏறாது.

செல்வி அக்கா: நேத்து எனக்கு ஒரு பொம்பளப் புள்ள குரல்ல வந்துச்சு. யாருக்கு உங்க ஓட்டு, ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு. நான் ஒண்ண அமுக்கிட்டேன். இன்னைக்கு இன்னும் அதிகமா வருது.

பாண்டி மொபைல்ஸ்: அக்கா எதையும் அமுக்காதீங்க. அமுக்குனா இந்த நம்பர்ல ஆளு இருக்குன்னு குறிச்சுக்குவாய்ங்க. இன்னொண்ணு, "வாக்காளர் லிஸ்ட்ல உங்க பேர் இல்ல, ஓடிபி சொல்லுங்க"ன்னு எவன் கேட்டாலும் வச்சுருங்க. அது கட்சியே இல்ல, களவாணிப் பய.

ரஹீமா அக்கா: ஆமா, நம்ம நம்பர் எப்படிப்பா இவுகளுக்குக் கிடைக்குது? வாக்காளர் பட்டியல்ல இருந்தா?

கணேசன் சார்: இல்லை அம்மா. அச்சிட்ட பட்டியலில் போன் நம்பர் இருக்காது.

கார்த்தி: எங்க வீட்டுல பாட்டிக்கு மட்டும்தான் கால் வருது, எனக்கு வரல. பாட்டி எந்தத் துணிக்கடையிலயும் பில்லுக்கு நம்பர் சொன்னதில்ல. அது நம்பர் கேட்டு எழுதுனது ஒரே ஒரு எடத்துல. ரோட்டுக்குப் போட்ட மனு.

தினேஷ்: அட ஆமா! பேரு, கதவு எண், கையெழுத்து, போன் நம்பர்னு நாலு கட்டம் போட்டுருந்துச்சே

செல்வி அக்கா: அத நம்ம தெரு சார்பா எல்லாக் கட்சிக்காரவுகளுக்கும் ஒவ்வொரு ஜெராக்ஸ் குடுத்தது யாரு?

(11 நிமிடம் யாரும் எழுதவில்லை)

கணேசன் சார்: ரோடு வந்தால் எல்லாருக்கும்தானே நல்லது என்று கொடுத்தேன்.

பாண்டி மொபைல்ஸ்: ரோடு வரல சார், கால் வந்துருச்சு 😭

ரஹீமா அக்கா: விடு பாண்டி, சார் நல்லதுக்குத்தான் செஞ்சாரு. அடுத்த மனுவுல அந்த நாலாவது கட்டம் மட்டும் வேணாம் சார்.

செல்வி அக்கா: லாரி டிரைவர் நம்பர இப்ப அனுப்புறேன். எல்லாரும் "தண்ணி லாரி"ன்னு சேவ் பண்ணிக்கங்க. பேரு வந்தா எடுங்க, வரலன்னா உங்க இஷ்டம். சிலிண்டர்காரர் நம்பரும் அப்படித்தான். கணேசன் சார், நீங்களும் 🙏

17 ஏப்ரல் 2024, புதன்

கணேசன் சார் (மாலை 6:01): இத்துடன் பிரச்சாரம் ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை 6க்கு வாக்குப்பதிவு முடிகிறது, அதற்கு முந்தைய 48 மணி நேரம் யாரும் ஓட்டுக் கேட்கக்கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 126. மொத்தக் குரல் அழைப்புக்கும் இது பொருந்தும். இனி ஒரு கால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரஹீமா அக்கா: அல்ஹம்துலில்லாஹ். இனி அழகர் ஆத்துல எறங்குற கூட்டந்தான்.

கார்த்தி: 23ஆம் தேதிக்கு இப்பவே பாட்டி முட்டிக்குத் தைலம் போட ஆரம்பிச்சுருச்சு

கணேசன் சார் (மாலை 6:34): வந்தது ஒரு கால்! புது நம்பர். எடுத்தவுடன் பிரிவு 126ஐ முழுவதும் சொன்னேன். தண்டனை இரண்டு ஆண்டு வரை என்றும் சொன்னேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை.

பாண்டி மொபைல்ஸ்: சார் 🔥🔥

கணேசன் சார்: எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், என் போன் சார்ஜ் இல்ல, கிளீனர் போன்ல இருந்து பேசுறேன். முக்குல நிக்கிறேன். தண்ணி வேணுமா வேணாமா?" என்றார்.

செல்வி அக்கா: வேணும்னு சொன்னீங்களா சார்???

கணேசன் சார்: அதற்குள் வைத்துவிட்டார்.