பிரெஞ்சு இசைப் பருவம்: நிகழ்ச்சி நிரல் அமைக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இசை வட்டம் வரும் பருவத்தை இசையமைப்பாளர்கள் டெபுசி, ரவேல் காலத்துப் பிரெஞ்சு இசைக்கே ஒதுக்கியிருக்கிறது. மற்ற மாலைகள் ஓரளவு முடிவாகிவிட்டன. முதல் உலகப் போர்க்கால மாலைக்குத்தான் உங்கள் யோசனை வேண்டும்.

1915இல், புற்றுநோயோடு போராடியபடியே டெபுசி ஆறு சொனாட்டாக்கள் (ஓரிரு கருவிகளுக்கோ சிறு குழுவுக்கோ பல பகுதிகளாக எழுதப்படும் இசைப்படைப்புகள்) எழுதத் திட்டமிட்டார். மூன்றைத்தான் முடிக்க முடிந்தது. அவற்றில் புல்லாங்குழல், வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஹார்ப் (யாழ் போன்றது) மூன்றுக்குமான சொனாட்டா எனக்கு உயிர். ஹார்ப் கலைஞர்தான் கிடைக்கவில்லை. அந்தப் பகுதியைப் பியானோவில் வாசிக்கலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நரம்பை விரல் மீட்டியபின் காற்றில் கரையும் ஒலிதானே அதன் அழகு! யாராவது அப்படி மாற்றி வாசித்திருக்கிறீர்களா? அல்லது அந்த மூன்றில் இன்னொன்றான செல்லோ சொனாட்டாவுக்கே போய்விடலாமா?

டெபுசி மறைந்த அதே 1918 மார்ச்சில், 24 வயதில் மறைந்தவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் லிலி பூலான்ஜே. அவருடைய படைப்பு ஒன்று கட்டாயம் இடம்பெற வேண்டும். வயலின், பியானோவுக்கு ஏற்றது எது?

பழைய பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பரான் பெயரில் ரவேல் பியானோவுக்கு எழுதிய 'கூப்பரான் நினைவஞ்சலி'யை எங்கே வைப்பது? அதன் ஒவ்வொரு பகுதியும் போரில் மடிந்த நண்பர்களுக்குக் காணிக்கை. கடைசிப் பகுதி யாருக்குக் காணிக்கையோ அவருடைய மனைவி, பியானோ கலைஞர் மார்கரித் லோங்தான் 1919இல் அதை முதன்முதலாக அரங்கேற்றினார். ஆனால் இசையில் ஒப்பாரி இல்லை, நடனம்தான் இருக்கிறது. நிறைவாக வைக்கவே எனக்கு விருப்பம். வாசித்தவர்கள், கேட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.