புதுப்பிப்பு: இடது இறக்கையில் சாய்ந்த ரிவெட்டுகள்

பாகங்களாக வாங்கி நானே கட்டும் என் கிட் விமானத்தின் இடது இறக்கையில், ரிப்களை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) பிரதான ஸ்பாருடன் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம்) இணைத்தபோது 7 ரிவெட்டுகள் (முனையை நசுக்கித் தகடுகளை இணைக்கும் உலோக ஆணிகள்) சாய்ந்துவிட்டன. அவற்றை எடுப்பதா விடுவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அடிக்கும்போது முனை நசுங்கி உருவாகும் தலையின் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் விட்டத்தில் பாதியும் இருக்க வேண்டும் என்ற கணக்கில் அளந்ததில் நான்கு தேறின. மற்ற மூன்றைத் துளையிட்டு எடுத்தேன். அவற்றில் ஒரு துளை நீள்வட்டமாகிப்போனது என் அவசரத்துக்குக் கிடைத்த கூலி. அங்கே ஓர் அளவு பெரிய ரிவெட்டைப் போட, துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை புதிய விட்டத்தைப்போல் இரு மடங்கு இடம் இருப்பதை உறுதிசெய்த பிறகே துணிந்தேன். அம்பத்தூர் கொட்டகையின் புழுக்கத்தில், வியர்வையின் உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை நடக்கிறது. தூக்குக்குண்டு கட்டிப் பார்த்ததில் இறக்கையில் முறுக்கல் இல்லை. அடுத்து மேல்தகடு.