புதுப்பிப்பு: ஸ்பிட்ஃபயர் சஸ்பென்ஷன், கடைசியில் வாங்கியது

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3-க்கு முன்பக்க புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் உருளை) ரப்பரா, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேனா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் பாலி என்றீர்கள். ரப்பரே போட்டாச்சு. பாலி போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகும், வாஸ்தவம்தான். ஆனால் கன்டெய்னர் லாரி தோண்டிப்போட்ட எண்ணூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வந்து சேரும். அந்தக் கூர்மை எதுக்கு, பழைய சோழவரம் ட்ராக்கில் இப்போ ரேஸா நடக்குது?

ஒன்று மட்டும்: வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தபடி விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) போல்ட்டை முழுசாக இறுக்காதீர்கள். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி டைட். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

ட்ரன்னியனுக்கு (வெர்டிகல் லிங்க்கின் அடி மரை திருகி நிற்கும் மூட்டு) என்ன போடுவது என்று கேட்ட அண்ணனுக்கு: கிரீஸ் வேண்டாம், இபி 90 கியர் ஆயில்தான். பழசைக் கழற்றினால் கிரீஸ் மெழுகாக இறுகி, மரையின் அடியில் செம்மண் நிறத்தில் துரு. வெர்டிகல் லிங்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு) உடைந்து சக்கரம் மடங்குவது அந்த இடத்தில்தான். அதனால் லிங்க், ட்ரன்னியன் இரண்டும் புதுசு. இடது, வலது மரை எதிரெதிர்; ஆர்டரில் பார்த்து எழுதுங்கள். நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இதே குடும்பம் என்பதால் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் பழைய லிங்க் கண்ணில் படலாம். மரையைத் துடைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் அடுத்த மாசம்.