லைவ் வகுப்பு வீட்டில் ஓடுகிறது, லேபில் மட்டும் வட்டம் சுற்றுகிறது. உதவி தேவை

பாடவேளை_4:
கல்லூரியில் நிரலாக்க வகுப்பு எடுக்கிறேன். அரங்கில் இடம் போதாததால் மீதி 45 பேர் கணினி லேபில் உட்கார்ந்து, ஆளுக்கொரு திரையில் லைவாகப் பார்க்கிறார்கள். ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளிலிருந்து வெளியே ஒரு வீடியோ தளத்துக்கு அனுப்புகிறேன். 1080பி, 4,500 கேபிபிஎஸ் (அதாவது 4.5 எம்பிபிஎஸ்).

வீட்டிலிருந்து பார்ப்பவர்களிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. லேபில் மட்டும் பத்து நிமிடத்துக்குள் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. இணைப்பு 100 எம்பிபிஎஸ். மாலையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94 காட்டுகிறது. லேப்டாப், கேமரா இரண்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. வேறு என்னதான் பார்ப்பது?

கடைசிபெஞ்ச்:
ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கம்பியும்காற்றும்:
அதைத் தொடாதீர்கள் மேடம். ஓபிஎஸ்ஸில் புள்ளிவிவரப் பலகை இருக்கிறதே, அதில் நெட்வொர்க்கால் விடுபட்ட ஃபிரேம்கள் எத்தனை?

பாடவேளை_4:
பூஜ்யம் சார். வகுப்பு முடியும் வரை பூஜ்யம்தான்.

கம்பியும்காற்றும்:
அப்படியானால் நீங்கள் அனுப்புவதில் குறை இல்லை. லேபில் யாரும் இல்லாத நேரத்தில், லைவை ஓடவிட்டு, கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போங்கள். எத்தனையாவதில் நிற்கிறது என்று சொல்லுங்கள்.

பாடவேளை_4:
இன்று மதியம் செய்தேன். 18 வரை சுகமாக ஓடியது. 19-ஐத் திறந்ததும் முதல் வரிசையில் இரண்டு திரை நின்றது, 20-இல் பாதி லேப் நின்றுவிட்டது.

கம்பியும்காற்றும்:
விஷயம் அதுதான். ஒரே அறை, ஒரே காட்சி என்றாலும் ஒவ்வொரு கணினியும் தனக்கென்று ஒரு பிரதியை வெளியிலிருந்து இழுக்கிறது. 45 × 4.5 என்றால் ஏறக்குறைய 200 எம்பிபிஎஸ். உங்கள் குழாய் 100. அதிலும் பகலில் அலுவலகமும் மற்ற துறைகளும் பங்கு போட்டிருக்கும். ஆள் இல்லாத மாலையில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் இதைக் காட்டாது.

இன்னொரு சந்தேகம். நெரிசல் வந்தால் பிளேயர் தானாகவே தரத்தை இறக்க வேண்டுமே, ஏன் இறக்கவில்லை?

பாடவேளை_4:
ஆட்டோவில் விட்டால் நிரல் வரிகள் மங்குகின்றன என்று எல்லோரும் 1080-இல் பூட்டிவிடுகிறார்கள். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்...

மூன்றாம்மாடி:
மல்டிகாஸ்ட் (ஒரே பிரதியை எல்லாக் கணினிக்கும் சேர்த்து அனுப்பும் முறை) போட்டால் ஒரே பிரதியில் முடிந்துவிடுமே?

கம்பியும்காற்றும்:
சொல்ல எளிது. நெட்வொர்க் சுவிட்சுகள் (கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டிகள்) ஒத்துழைக்க வேண்டும், சாதாரண பிரௌசர் அதை நேரடியாக வாங்காது, வைஃபையில் இன்னும் மோசம். ஒரு லேபுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

வளாகத்துக்குள்ளேயே ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளும், லைவ் வீடியோவை வாங்கிக்கொள்ளும் அதன் ஆர்டிஎம்பி மாட்யூலும் நிறுவுங்கள். ஓபிஎஸ் இனி அந்தக் கணினியின் 1935 போர்ட்டுக்கு அனுப்பட்டும். அது வெளித்தளத்துக்கு ஒரே ஒரு பிரதியைத் தள்ளிவிடும். லேபுக்கு ஹெச்எல்எஸ் ஆக, அதாவது சிறு சிறு வீடியோ துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். 200 எம்பிபிஎஸ் உள் நெட்வொர்க்கோடு முடிந்துவிடும். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்சுக்கு அது ஒன்றுமே இல்லை.

ஓபிஎஸ்ஸில் கீஃபிரேம் (முழுப் படமாக வரும் ஃபிரேம்) இடைவெளியை 2 வினாடி என்று வையுங்கள், ஹெச்எல்எஸ் துண்டும் 2 வினாடி. துண்டை கீஃபிரேமில்தான் வெட்ட முடியும். கீஃபிரேமைத் தானியங்கியில் விட்டால் துண்டு நீண்டு, தாமதமும் கூடும்.

பாடவேளை_4:
ஆய்வக உதவியாளர் அரை நாளில் அமைத்துக் கொடுத்துவிட்டார். வந்து சொல்கிறேன்.

பாடவேளை_4:
அழுகைதான் வருகிறது. 20 கணினி ஓடுகிறது, 21-இல் மறுபடி வட்டம்! இப்போது வெளியிலிருந்து எதையும் இழுக்கவே இல்லையே?

கம்பியும்காற்றும்:
21 × 4.5 = 94.5. உங்கள் மாலை ஸ்பீட் டெஸ்ட் எண் ஞாபகம் வருகிறதா? 100 எம்பிபிஎஸ் கம்பியில் நிஜமாகக் கிடைப்பது அவ்வளவுதான். உள்ளேயே எங்கோ ஓர் இணைப்பு ஜிகாபிட்டில் ஏறாமல் 100-இல் நிற்கிறது. புது சர்வரையும் லேப் சுவிட்சையும் சேர்க்கும் கேபிளைப் பாருங்கள். 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலை செய்துகொண்டே இருக்கும். யாருக்கும் தெரியாது.

பாடவேளை_4:
கண்டுபிடித்தோம்! சர்வருக்குப் போகும் கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி ஒன்று கிளிப்புக்குள் பாதி தூரமே போயிருக்கிறது. முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்ததும் சுவிட்சில் 1000 என்று வந்தது. இன்று 45 கணினியும் 50 நிமிடம் நிற்காமல் ஓடின.

ஒன்று மட்டும் மீதி. லேபிலிருந்து கேட்கும் கேள்வி, நான் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு வருகிறது. 8 வினாடி போல இடைவெளி.

கம்பியும்காற்றும்:
ஹெச்எல்எஸ் பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு பின்தங்கித்தான் ஓடும். 3 × 2 = 6, மீதி என்கோடிங்கும் பஃபரும். கேள்வி நேரத்துக்கு லேபில் ஒரு கணினியை மட்டும் வீடியோ அழைப்பில் இணைத்து, அதில் மைக்கைப் போடுங்கள். அந்த நேரம் லேப் ஸ்பீக்கரை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வரும்.

கடைசிபெஞ்ச்:
ஆன்டிவைரஸ் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.