மறு: டிராக் – காற்றுத்தடை வேண்டாம், ‘பின்னிழுப்பு’ என்று வைப்போமே

நண்பர்களே,

நாலு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். பழைய காரில் வீட்டிலேயே செய்து பார்க்கிற மைலேஜ் வேலைகளுக்கு ஒரு கையேடு எழுதுகிறோம். அதில் மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் அமைந்துவிட்டது, ‘டிராக்’ (drag, ஓடும் வண்டியைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை) மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. நேற்று வந்த மடலில் ஒருவர் இப்படி முடித்திருந்தார்:

> காற்றுத்தடை என்று எல்லாருக்கும் புரிகிற சொல் இருக்கிறது. காற்று தடுக்கிறது, அவ்வளவுதானே. புதுச்சொல் எதற்கு?

அவ்வளவுதான் இல்லை. அந்தச் சொல்லை நம்பி நான் இரண்டு வார இறுதிகளை வீணாக்கியிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தடை என்றால் மனசு தானாக முன்னால் போய்விடும். எதிரே ஏதோ சுவர் மாதிரி நிற்கிறது, அதைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், எனவே மூக்கைக் கூராக்கு. நானும் அப்படித்தான் என் பழைய கார்ப்புரேட்டர் காரின் முன்னால் மண்டியிட்டு பம்பர் இடுக்கு, பானட் இடுக்கு, விளக்கைச் சுற்றியிருந்த சந்து என்று ஒன்றுவிடாமல் டேப் ஒட்டினேன், கிரில்லில் பாதியை அட்டையால் மூடினேன். (கிரில்லை மூடுவதில் கொஞ்சம் பயன் உண்டு. ரேடியேட்டர் வழியாகப் புகுந்து என்ஜின் அறைக்குள் முட்டி மோதும் காற்றும் வேகத்தைத் தின்னும். ஆனால் சூடு காட்டும் முள்ளின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.) பிறகு சமதளமான, ஆளில்லாத சாலையில் 80-இல் போய் நியூட்ரலில் விட்டு, 60-க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று போகும்போதும் வரும்போதும் எண்ணிப் பார்த்தேன். வேலைக்கு முன்னும் 17 விநாடி, பின்னும் 17 விநாடி. டேப் செலவுதான் மிச்சம்.

அப்புறம் விரலளவு கம்பளி நூல் துண்டுகளை நாற்பது ஐம்பது வெட்டி, கூரையிலும் பின் கண்ணாடியிலும் டிக்கி மூடியிலும் வரிசையாக ஒட்டினேன். ஒரு நண்பர் ஓட்ட, நான் பக்கத்துத் தடத்தில் இன்னொரு காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கூரை நூல்கள் எல்லாம் வாரிச் சீவிய தலைமுடி போலப் பின்னோக்கிப் படிந்து கிடந்தன. கூரை முடிந்து கண்ணாடி செங்குத்தாக இறங்கும் இடத்தில்தான் கூத்து. ஒரு நூல் மேலே பார்க்கிறது, பக்கத்து நூல் வட்டமடிக்கிறது, நம்பர் பிளேட்டுக்கு மேலே இருந்த இரண்டு நூல்கள் கார் போகிற திசையிலேயே முன்னுக்குச் சாய்ந்து நின்றன! மழை இல்லாத நாளிலும் பின் கண்ணாடியில் மட்டும் புழுதி அப்பிக்கொள்வது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. லாரி கடந்து போனதும் சருகும் காகிதமும் அதன் பின்னாலேயே ஓடுமே, அதே சங்கதி.

நடப்பது இதுதான். கார் நகர்ந்த இடத்தை நிரப்பக் காற்று ஓடி வர வேண்டும். கூரை மெல்லச் சரிந்தால் ஒட்டிக்கொண்டே இறங்கிவிடும், திடீரென்று முறிந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். பிய்ந்த இடத்தில் அழுத்தம் குறைந்து ஒரு பள்ளம் விழுகிறது. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு, அந்த வித்தியாசம்தான் காரைப் பின்னுக்கு இழுக்கிறது. கூம்பின் கூர்முனையைக் காற்றுக்கு எதிரே காட்டி வைத்தால் அதன் டிராக் எண் (ஒரு வடிவம் எவ்வளவு டிராக் தரும் என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) சுமார் 0.5. முன்புறம் உருண்டையாக இருந்து பின்னால் நீளமாகக் கூம்பிப் போகும் துளி வடிவத்துக்கோ 0.04, 0.05 தான். மீனைப் பாருங்கள், தலை மொட்டை, வால்தான் கூர். அதை யாரும் திருப்பி வைக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை: பின்னிழுப்பு.

தமிழில் ‘பின்’ என்பதற்குத் திசையும் உண்டு, இடமும் உண்டு. பின்னோக்கி இழுப்பது என்று பொருள் கொண்டால் எல்லா வகை டிராக்குக்கும் சரியாக வரும், மேற்பரப்பின் உராய்வும் அதில் அடக்கம். பின்னாலிருந்து இழுப்பது என்று பொருள் கொண்டால் வேலை செய்யப் போகிறவனின் கையைச் சரியான பக்கம் திருப்பிவிடும்.

இதுவரை வந்த மற்றச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ‘இழுவை’ நல்ல சொல்தான், ஆனால் இழுவை வண்டி, இழுவைக் கயிறு என்று வண்டி உலகத்திலேயே அது வேறு வேலை பார்க்கிறது. பழுதான காரைக் கட்டி இழுப்பதும் இழுவை, காற்று இழுப்பதும் இழுவை என்றால் ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது வாசகர் திணறுவார். ‘இழுவிசை’ வேண்டவே வேண்டாம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அது கயிற்றில் இருக்கும் விசைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது, பரப்பு இழுவிசை என்று நீரின் மேற்பரப்புக்கும் போய்விட்டது. ‘காற்றுப்பிடிப்பு’ என்று எழுதியவர் மன்னிக்க வேண்டும், அது காருக்கு வருவதில்லை, காருக்கு அடியில் இரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்து எழுந்தவனின் முதுகுக்கு வருவது.

> அப்படியானால் நாசா வேன் சோதனை என்ன ஆச்சு? அதில் முன்பக்கத்தை மாற்றித்தானே பெரிய லாபம் கிடைத்தது?

நியாயமான கேள்வி, இந்த இழையிலேயே இதுதான் கனமான எதிர்வாதம். 1970-களில் நாசாவின் டிரைடன் மையத்தில் ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, முழுக்க முழுக்கச் சதுரப் பெட்டியாக்கி ஓட்டினார்கள். பிறகு முன் விளிம்புகளை வளைத்ததும் டிராக் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஏன் குறைந்தது? கூரான முன்விளிம்பில் காற்று முட்டியதால் மட்டுமல்ல, அந்த விளிம்பிலேயே பிய்த்துக்கொண்டு பக்கச் சுவரை விட்டு விலகிப் போனதால். அதாவது அங்கேயும் குற்றவாளி பிய்தல்தான், இடம்தான் வேறு. நம்முடைய காரில் முன் விளிம்பைத் தொழிற்சாலையே ஓரளவு வளைத்துக் கொடுத்துவிட்டது, நமக்கு மிஞ்சியிருப்பது பின்பக்கம். எனவே பிய்தலுக்கும் ஒரு சொல் தேவை. நான் ‘காற்றுப் பிரிவு’ என்று எழுதிப் பார்த்தேன், அரசு அலுவலகத்தின் ஒரு பிரிவு மாதிரி இருக்கிறது. ‘பிய்வு’ என்றே வைத்தால் என்ன? கொச்சை என்பவர்கள் மாற்றுச் சொல் தரட்டும்.

பின்பக்கத்தை நீட்டிக் கூம்பவிடும் வேலைக்கு ‘படகுவால்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்திருக்கிறார். நம் படகுக்கு ஏது வால்? ‘கூம்புவால்’ போதும். முழுக் கூம்பும் வைத்தால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. 1930-களில் வூனிபால்ட் காம் என்ற ஜெர்மன் பொறியாளர் காட்டிய வழி இருக்கிறது: கூம்பிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நேராக வெட்டிவிடலாம், பெரும்பகுதிப் பயன் அப்படியும் கிடைக்கும். இதற்கு ‘மொட்டைவால்’ என்று வைக்கலாம். நான் நெளிவு பிளாஸ்டிக் தட்டியில் ஒரு முழ நீளத்துக்குச் சின்ன மொட்டைவால் செய்து, விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையாமல் பொருத்தினேன். பார்க்க அசிங்கம்தான். 17 விநாடி 18 ஆனது, எட்டு ஓட்டங்களின் சராசரி. ஒரு விநாடிதானே என்று தோன்றும், ஆனால் அந்த 17 விநாடியில் டயரின் பங்கும் இருக்கிறது, அது இம்மியும் மாறவில்லை.

டயர் உருளும்போது வண்டியைத் தடுக்கும் விசைக்கு ‘உருள்தடை’ அப்படியே இருக்கட்டும். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது, நிஜமாகவே தடுப்பதுதான் அதன் வேலை. பின்னிழுப்போ வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்காகும், அதைச் சமாளிக்க வேண்டிய திறன் எட்டு மடங்கு. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் வாலைத் தொடாமல் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டால் போதும் என்று கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

தண்ணீரைப் பிரித்து என்ஜினுக்கு ஹைட்ரஜன் ஊட்டும் பாட்டிலுக்கு ஒருவர் சொல் கேட்டிருந்தார். அதற்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருகிறது, ஆல்டர்னேட்டரை அதே பெட்ரோல்தான் சுற்றுகிறது. போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். அதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, ஏமாற்று.

கடைசியாக, டிராக் எண்ணுக்குப் ‘பின்னிழுப்புக் குணகம்’, ‘பின்னிழுப்புக் கெழு’ இரண்டில் எது? எனக்குக் கெழுதான் பிடித்திருக்கிறது, வாயில் சுருக்கமாக நிற்கிறது. அலகே இல்லாத வெறும் எண் என்பதால் ‘பின்னிழுப்பெண்’ என்றும் ஒட்டிப் பார்த்தேன், சேர்த்து எழுதியதும் ஏதோ ஒரு பெண்ணின் பெயர் போல ஆகிவிட்டது. கெழுவுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்த உட்காருகிறேன்.